எக்ஸ்டர்னலுக்கு வைத்த விரால் மீன் குழம்பு

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி வெயிலில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில் இருக்கும் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் நடந்தது இது. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒரு கல்லூரி மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். மம்சாபுரத்தில் வீட்டிலேயே சமைத்து ஆர்டருக்குச் சாப்பாடு கொடுக்கிறேன். வளைகாப்பு, காதுகுத்து, பேங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு என்று வண்டி ஓடுகிறது. வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. ஒரே மகள். கவலைப்படுவது எனக்குக் கூடவே பிறந்தது. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுப்பேன். மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் சேர்ந்த நாளிலிருந்து, ஆசிட் பாட்டில் கைதவறிக் காலில் கொட்டிவிடுமோ என்று மூன்று வருடமும் பயந்துகொண்டே இருந்தேன். பயந்திருக்கவே வேண்டாம். கையில் கொடுத்தால்தானே கொட்டுவதற்கு?

ராஜபாளையத்தைச் சுற்றி ஆஸ்பத்திரி பஞ்சு, பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனிகள் நிறைய உண்டு. துணியையும் தண்ணீரையும் சோதித்துப் பார்க்க அங்கே சின்னதாக ஒரு லேப் இருக்கும். அந்த லேபில் வேலை பார்க்க வேண்டும் என்பது என் மகளின் ஆசை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் திரும்பி வரலாம். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கடைசி வருடப் பிராக்டிகல் பரீட்சை வந்தது. மார்க் போட வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு சார் வருவார். அவரை ‘எக்ஸ்டர்னல்’ என்பார்கள். அவருக்கு மதியச் சாப்பாடு கொடுக்க வேண்டியது டிபார்ட்மெண்டின் வழக்கம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கிற மாதிரிதான். ஊருக்குத் திரும்பும்போது கையில் பால்கோவா பார்சலும் உண்டு. அந்த வருடம் என் மகள் வந்து, "எம்மா, எக்ஸ்டர்னல் சாப்பாடு ஒங்கம்மாவே செய்யட்டும்னு எங்க டிபார்ட்மெண்ட் சார் சொல்லிட்டாங்க" என்றாள்.

எனக்குப் பெருமை ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாகப் பயம் ஒரு பக்கம். குழம்பில் உப்பு கூடிவிட்டால்? அந்தக் கோபத்தில் அவர் என் பிள்ளைக்கு மார்க்கைக் குறைத்துவிட்டால்? விடியும் முன்னே கண்மாய் விரால் வாங்கி வந்து, குழம்பு கொதிக்கக் கொதிக்க நாக்கில் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் அடுப்பங்கரை வாசலில் நின்று கேள்வி பதிலை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கால் நின்ற இடத்தில் நிற்கவில்லை எனக்கு. வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "ஏட்டி, பரீட்சை அவளுக்கா ஒனக்கா?" என்று சிரித்தார்.

மதியம் சாப்பாட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். லேபுக்கு வெளியே பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு வரிசையாக நின்றார்கள். என் மகளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. உள்ளே, சோதனை செய்கிற மேஜையின் மேல் பேப்பரை விரித்து, அதன் மேல் இலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஸ்டாண்டில் நீளமான கண்ணாடிக் குழாய்கள் மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் தூசி. எச்சில் படுகிற இடமா இது, ஆசிட் கீசிட் சிந்தியிருக்குமோ என்று ஈரத்துணியால் மேஜையை இரண்டு தடவை துடைத்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா, பயப்படாதீங்க. இங்க என்ன நடக்குது சிந்துறதுக்கு?" என்றார் லேப் அட்டெண்டர். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

எக்ஸ்டர்னல் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "வாங்கம்மா, வாசனையே ஆளை இழுக்குது" என்றார். விராலை முள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் மார்க் தாளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். டிபார்ட்மெண்ட் தலைவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைக எல்லாம் எப்படி சார்?" என்று கேட்டார் எக்ஸ்டர்னல்.

"எல்லாம் நல்ல பிள்ளைக சார்."

"அப்ப எல்லாருக்கும் நல்லாவே போட்டுருவோம். நாளைக்கு நீங்க எக்ஸ்டர்னலா நம்ம காலேஜுக்கு வருவீங்கள்லா?"

"வந்துதானே ஆகணும்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ரசம் ஊற்றும்போது தொடங்கி, மோர் ஊற்றி முடிப்பதற்குள் எல்லாருக்கும் மார்க் போட்டாகிவிட்டது. வெளியே நின்ற ஒரு பிள்ளையைக்கூட உள்ளே கூப்பிடவில்லை. வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் வந்துவிட்டது. "சார், பிள்ளைக காலைல இருந்து படிச்சிட்டு நிக்குதுக. ஒரு கேள்வி கேக்கலையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டு என்னம்மா ஆகப்போகுது? அம்புட்டு பேரும் பாஸ். ஒங்க மீன் குழம்புக்கு வேணா தனியா நூறு மார்க் போடுவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மகளின் மார்க் அந்த மேஜை மேல் இருக்கும்போது வேறு என்ன செய்ய?

ரிசல்ட் வந்தது. என் மகளுக்குப் பிராக்டிகலில் தொண்ணூற்று ஆறு. வகுப்புக்கே வராத பெண்ணுக்கும் தொண்ணூற்று ஆறு. தெருவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். நான் எட்டாவது படிக்கும்போது கணக்கில் ஏழு மார்க் வாங்கி, வாத்தியாரிடம் வகுப்பு முன்னால் பேச்சு வாங்கியவள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏழு மார்க் ஏழு மார்க்தான். எனக்குக் கணக்கு வராது என்பது எனக்கும் தெரிந்தது, வாத்தியாருக்கும் தெரிந்தது. தொண்ணூற்று ஆறு அப்படி இல்லை என்று கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன்.

ஒரு பேண்டேஜ் கம்பெனியில் லேபுக்கு ஆள் எடுத்தார்கள். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். எங்கெங்கோ இருந்து வந்திருந்த பெண்கள், எல்லார் கையிலும் கனமான ஃபைல். லேப் பொறுப்பாளர் ஒரு பெண்மணி. என் மகளின் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தார், பார்த்த வேகத்தில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "இதத்தான் எல்லாரும் கொண்டாறீங்க. இத வச்சு நான் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதும்மா. வா, ஒரு டைட்ரேஷன் செஞ்சு காட்டு" என்று உள்ளே கூட்டிப்போனார்.

நான் வராந்தாவில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நீளமான கண்ணாடிக் குழாய். ஆனால் இதில் தூசி இல்லை. அதன் அடியில் ஒரு திருகு. கீழே இருக்கிற குடுவையில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், லேசாக ரோஸ் நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் சங்கதி என்று பிறகு மகள் சொன்னாள். அவள் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று தடவினாள். திறந்தது. நிறுத்தத் தெரியவில்லை. குடுவை முழுதும் கோயில் கடை கலர் சர்பத் மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா திட்டவில்லை. "காலேஜ்ல இதத் தொட்டிருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.

தொட்டதில்லை. எப்போதாவது எடுத்தாலும் நாலைந்து பேருக்கு ஒரு குழாய். ஒருத்தி பிடிப்பாள், மற்றவர்கள் எழுதுவார்கள். முந்தின வருடப் பரீட்சைகளில் அட்டெண்டரே விடையைச் சொல்லிவிடுவார். என் மகள் எழுதுகிறவள், கையெழுத்து அழகு என்பதால்.

பஸ் ஸ்டாப்பில் அவள் அழுவாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. "எம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். அன்னைக்கே அந்த சார் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்லா? ஃபெயிலாக்கியிருந்தாக்கூட இன்னொரு தடவை படிச்சிருப்பேனே" என்றாள்.

என் வயிறு எரிந்தது. இப்போது இதை எழுதும்போதும் எரிகிறது. மூன்று வருடம். காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனாளே! ஏமாற்றுகிறவன் பொருளைக் குறைத்துக் கொடுப்பான். இவர்கள் மார்க்கை அள்ளிக் கொடுத்தே ஏமாற்றினார்கள். எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்ததில், நிஜமாகவே கையால் வேலை கற்ற ஒரு பிள்ளை எங்கேயாவது இருந்திருந்தால் அவள் மார்க் ஷீட்டும் அல்லவா அந்த மேஜையில் குப்புறக் கிடந்திருக்கும்?

மகள் அதே ஊரில் வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்தில் நிற்கிற பெண் பத்தாவது ஃபெயில். இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். அந்தப் பெண் இவளிடம், "எக்கா, நீங்க படிச்ச மூணு வருசத்துல நான் இங்க சீனியர் ஆயிட்டேன்" என்று கேலி செய்கிறாளாம். மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பங்குனியில் அட்டெண்டர் போன் செய்தார். "எக்கா, எக்ஸ்டர்னல் வாராங்க. போன வருசம் மாதிரியே விரால் வச்சிருங்க." முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சரி" என்று வந்துவிட்டது.

மனசு ஒரு நிலையில் இல்லாமல் சமைத்தேன். அதே லேப், அதே மேஜை, வெளியே வேறு பிள்ளைகள். எக்ஸ்டர்னல் இந்தத் தடவை இளவயதுக்காரர். இலை போட்டாகிவிட்டது. நான் தூக்குச் சட்டியின் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, தொறந்து வை. சார் பசியோட இருக்காங்க" என்றார் டிபார்ட்மெண்ட் தலைவர்.

"வைக்கேன் சார். பிள்ளைகட்ட ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டுருங்க. பொறவு வைக்கேன்."

தலைவரின் முகம் சிவந்துவிட்டது. "நீ யாரும்மா அதச் சொல்ல? ஒன் மகதான் பாஸாகிப் போயிட்டால்லா? இன்னும் ஒனக்கு என்ன?"

"அவ ஒண்ணும் தெரியாம பாஸானதுதான் சார் எனக்குக் கொறை."

எக்ஸ்டர்னலுக்குச் சங்கடமாகிவிட்டது. தலைவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசலில் முதலில் நின்ற பெண்ணை உள்ளே கூப்பிட்டார். ஸ்டாண்டில் இருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டி, இதில் எப்படி அளவு பார்ப்பாய் என்றார். அந்தப் பெண் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் அட்டெண்டரைப் பார்த்தாள். "சார், அத அந்த அண்ணன்தான் பாத்துச் சொல்லுவாங்க" என்றாள்.

வெளியே இருந்து ஒரு பெண் என் காதுபடவே, "ஏன் ஆன்ட்டி, ஒங்களுக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம்? நாங்க பாஸாகறது பொறுக்கலையா?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். அவள் மேல் தப்பு இல்லை. பயந்துபோய் நிற்கிறாள். என் மகளும் போன வருடம் அந்த இடத்தில்தான் நின்றாள்.

"போதும்மா, வைங்க" என்றார் எக்ஸ்டர்னல் மெதுவாக. அதற்கு மேல் எதிர்த்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. மூடியைத் திறந்து பரிமாறினேன். எல்லோருக்கும் மார்க் விழுந்தது, போன வருடத்தைப் போலவே. அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியிலிருந்து எனக்கு ஆர்டர் வரவில்லை. வேறு மெஸ்ஸுக்குப் போகிறதாம்.

ஆனால் அன்றைக்குக் கிளம்பும்போது அந்த இளவயது சார் கையைக் கழுவிக்கொண்டே என்னிடம், "குழம்புல உப்பு கொஞ்சம் கூடிருச்சும்மா" என்றார். வீட்டுக்கு வந்து சட்டியில் மிச்சம் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கூடித்தான் இருந்தது. மறுநாளே குறைத்துப் போட்டேன். தப்பை முகத்துக்கு நேராகச் சொல்கிற வாய் அவர்களுக்கும் இருக்கத்தான் செய்கிறது. அது என் குழம்புக்குத் திறந்ததில் பாதியாவது மூன்று வருடத்தில் ஒரு நாள் என் மகளுக்குத் திறந்திருக்கக் கூடாதா என்று, இப்போதும் கரண்டியில் உப்பு அள்ளும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.