இரண்டு விரல் அகலம்

ஐஸ்குச்சியை எங்கே பார்த்தாலும் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சப்பிவிட்டுப் போடுகிற அதே தட்டைக் குச்சிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் ஒரு கடையில் கட்டாக வாங்கி, வெந்நீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, எவர்சில்வர் டப்பா ஒன்றில் அடுக்கி வைத்திருந்தேன். வாங்கும்போது கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, ஐஸ் வண்டி போடப் போறீயளா?" என்று கேட்டுச் சிரித்தார். என் மனைவியின் வாயைத் திறப்பதற்கு என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "ஆமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அவள் அதே ஊரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். முதல் ஷிப்ட் இல்லாத நாட்களில் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் ஏறினால் பஸ்ஸே கலகலப்பாகிவிடும். பக்கத்து சீட்டுக்காரியின் மாமியார் முதல் மருமகள் வரை விசாரித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். "அக்கா, ராஜபாளையம் வந்துட்டு. மிச்சத்த நாளைக்குப் பேசுங்க" என்று கண்டக்டர் கும்பிடுவார். எனக்கு மானம் போகும். வீட்டிலும் அப்படித்தான். நான் ஒரு வார்த்தை பேசினால் அவள் ஒன்பது பேசுவாள். செத்த நேரம் சும்மா இரேன்டி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

கடைவாய்ப் பல் ஓரத்தில் ஒரு புண் வந்தது. சூட்டுப் புண் என்று மணத்தக்காளிக் கீரை தின்றாள், தேன் தடவினாள். புண் ஆறவில்லை. பல் டாக்டர் பார்த்துவிட்டு முகம் மாறி மதுரைக்குப் போகச் சொன்னார். மதுரையில் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, கேன்சர் என்றார்கள். கீழ்த் தாடையில் பாதியை எடுத்துவிட்டு, காலில் இருந்து எலும்பு எடுத்து அந்த இடத்தில் பொருத்த வேண்டும் என்று ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். "கால் எலும்ப வச்சா நாக்கு நடக்குமோ?" என்று அவள் அந்த டாக்டரம்மாவிடமே கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து அவளைப் பார்த்தபோது, வேறு யாரையோ காட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் ஒரு பக்கம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மூக்கில் குழாய், கழுத்தில் குழாய், காலில் கட்டு. கண் மட்டும்தான் அவளுடையது. அந்தக் கண் என்னைப் பார்த்ததும் கலங்கியது. "எல்லாம் சரியாயிரும்" என்று சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல? எதுவும் சரியாகாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

தையல் பிரித்த அன்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை வார்த்தை பிசகாமல் சொல்வேன். "இனிமேத்தான் உங்க வேலை. குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவுல வைங்க. பழகப் பழக இன்னொரு குச்சி சொருகுங்க. வலிக்கும், அழுவாங்க, உங்களத் திட்டுவாங்க. விட்டுராதீங்க. கரண்ட் வைக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள ரெண்டு விரலாவது உள்ள போகணும். பொறவு சதை இறுகிரும். யார் நெனச்சாலும் திறக்காது." கரண்ட் என்று அவர் சொன்னது ரேடியேஷனை. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால்தான் புரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு விரல் போனால் சோறு பிசைந்து ஊட்டலாம், பேச்சும் தெளியும். போகாவிட்டால் ஆயுசுக்கும் கஞ்சித் தண்ணிதான். விஷயம் அவ்வளவுதான்.

எனக்கு லீவு தீர்ந்திருந்தது. ஒரே மகன் ஓசூரில் வேலையில் இருந்தான். நான் மில்லுக்குப் போனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சேத்தூரில் இருந்து என் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத்தான் வர வேண்டும் என்கிற வழக்கம் அக்காவிடம் கிடையாது. என் மனைவிக்குத் தாய் இல்லை. மகன் பிறந்தபோது சேத்தூரில் அக்கா வீட்டில்தான் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பின் சன்னி கண்டு, அவள் பிழைப்பாளா என்று ஊரே பேசியது. அக்கா அவளைத் தன் மடியைவிட்டு இறக்கவில்லை. மருந்து அரைத்து, ஒத்தடம் கொடுத்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மீட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களையும் தேற்றி எழுப்பியது அந்தக் கைதான்.

அந்தக் கைக்கு இதுவும் பச்சை உடம்பாகத்தான் தெரிந்தது. அறுத்த உடம்பு, ரத்தம் போன உடம்பு. அக்கா வந்த அன்றே ஃபேனை நிறுத்தினாள். என் மனைவியின் காதில் பஞ்சு வைத்தாள். தாடையோடு சேர்த்துத் தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினாள். "பேசாதட்டி. வாயத் தொறந்தா காத்து ஏறிரும். பொறவு ஆயுசுக்கும் வலி நிக்கும்" என்றாள். பூண்டும் சுக்கும் தட்டிப் போட்டு ரசம் வைத்து, வடிகட்டி, மூக்குக் குழாய் வழியாக விட்டாள். பார்க்க வந்த தெருப் பெண்கள், "நாத்தனார்னா இப்படில்லா இருக்கணும்" என்று கன்னத்தில் கை வைத்தார்கள். உண்மைதான். உடம்பு துடைத்துவிட்டு, கால் கட்டை மாற்றி, மலஜலம் எடுத்து, ஒரு நாள்கூட அக்கா முகம் சுளிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை, அந்தத் துண்டு ஒன்றைத் தவிர.

சாயங்காலம் மில்லில் இருந்து வந்து கையைக் கழுவிவிட்டுக் குச்சி டப்பாவைத் திறந்தால் வீட்டில் சண்டை ஆரம்பமாகும். துண்டை அவிழ்த்து மூன்று குச்சிகளைப் பல்லுக்கு நடுவே கொடுப்பேன். அவள் கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர் வரும். தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வரும். மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது கேட்டிருக்கிறேன் அந்தச் சத்தத்தை. நாலாவது குச்சியைக் கையில் எடுப்பதற்குள் அக்கா பாய்ந்து வந்துவிடுவாள்.

"ஏலே, நீ மனுசனாலே? பச்ச ஒடம்புக்காரிய இந்தப் பாடு படுத்துத! ரத்தம் வருது பாரு."

"அக்கா, டாக்டர் சொல்லியிருக்காங்க."

"அவிய எத்தன பேர்த்தத் தேத்தியிருக்காவ? அறுக்கத் தெரியும், அம்புட்டுதான். மொதல்ல சதை கூடட்டும், பொறவு தானாத் தொறக்கும்."

"தானாத் தொறக்காதுக்கா!"

"நீ அவ மேல கைய வச்சே, நான் இப்பவே சேத்தூருக்கு வண்டி ஏறிருவேன்."

அக்கா போனால் நான் மில்லுக்குப் போக முடியாது. மில் இல்லாவிட்டால் மருந்து இல்லை. மனைவியோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இத்தனைக்கும் பகலில் செய்ய வேண்டியதுதான் முக்கியம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பகலில் அவள் தாடை துண்டுக்குள் இருந்தது. நான் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட் முடுக்கும்போதெல்லாம் அந்தத் துண்டின் முடிச்சுதான் நினைவுக்கு வரும். ஸ்பேனரைத் தூக்கி எறிந்து மாஸ்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்பாகச் செய்கிற ஒருத்தியை எப்படி அடிப்பது, எப்படித் துரத்துவது? கெட்டவளாக இருந்தால் அன்றைக்கே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

கரண்ட் வைக்கும் நாள் வந்தது. டாக்டரம்மா இரண்டு விரலைச் சேர்த்து வாயருகே கொண்டுபோனார். போகவில்லை. ஒரு விரலை வைத்தார். நுனிதான் போனது. என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், என் மனைவி தன் நெஞ்சைத் தொட்டு, குழறலாக, "வலி தாங்கல டாக்டர். நாந்தான் செய்யல" என்றாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கையுறையைக் கழற்றிப் போட்ட விதத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இன்னைக்கு அக்காவ ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி. "மதினிட்ட சொல்லக் கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டேன். ஊர் வரும்வரை பிடியை விடவில்லை.

கரண்ட் வைத்த நாட்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. தொண்டை வெந்து எச்சில் முழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டே மதுரைக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். கன்னத்துத் தோல் கருத்து உரிந்தது. அது முடிந்ததும் நான் மறுபடியும் குச்சியை எடுத்தேன். இந்த முறை அக்கா ஊருக்குப் போயிருந்தாள், தடுக்க ஆள் இல்லை. என்ன பிரயோஜனம்? சதை பலகையாக இறுகிவிட்டது. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதற, நான் பல்லைக் கடித்துக்கொண்டு குச்சியைத் திணிக்க, முன்பல் ஒன்று ஆடியதுதான் மிச்சம். அன்றோடு டப்பாவைக் குப்பையில் கொட்டினேன்.

இப்போது அவளுக்கு எல்லாமே கூழ்தான். மிக்சியில் அடித்து, வடிகட்டி, சின்னக் கரண்டியால் பல் இடுக்கில் விட வேண்டும். துணிக்கடை முதலாளி, "ஒடம்பப் பாத்துக்கோங்கம்மா" என்று மரியாதையாக நிறுத்திவிட்டார். கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. போனாலும் பந்திக்கு முன்பே வந்துவிடுவோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயை மறைத்துக்கொள்கிறாள். அவள் பேச்சு புரியாமல் ஜனங்கள் இரண்டாவது முறை கேட்டால் நிறுத்திக்கொள்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்து சேத்தூருக்குப் போயிருந்தோம். அக்கா முற்றத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையைக் கால் மேல் கிடத்தியிருந்தாள். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா தண்ணீரை மொள்ளவில்லை. என் மனைவி துண்டோடு பக்கத்தில் நின்றாள். அக்கா தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு. பிரசவ ஆஸ்பத்திரில ஒரு நர்சு பிள்ள சொல்லுது, தாட ஆபரேசன் பண்ணுனா வாயக் கட்டவே கூடாதாம்லா. நான் கட்டிப் போட்டதுனாலதான் இவளுக்கு இப்படி ஆயிட்டா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மெஷினுக்கு அடியில் படுத்து எத்தனையோ முறை பேசிப் பார்த்திருக்கிறேன். அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். ஆபரேஷன் முடிந்த அன்று பார்த்த அதே கண். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

"இல்லக்கா" என்றேன். "கரண்ட் வச்சா இப்படித்தான் இறுகும்னு அவிய மொதல்லயே சொல்லிட்டாவ. நீ கட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அக்கா ஒரு மூச்சு விட்டாள். கண்ணைத் தோளில் துடைத்தாள். "நல்லவேளைலே. அந்தப் பிள்ள சொன்னதுல இருந்து எனக்குக் கை கால் ஓடல. பச்சப் பிள்ளையத் தொடவே கூசுச்சு. வேற ஆளக் கூப்பிட்டுக் குளிப்பாட்டச் சொல்லலாம்னு இருந்தேன்." செம்பில் தண்ணீரை மொண்டு குழந்தையின் முதுகில் ஊற்றினாள். குழந்தை வீறிட்டது.

பஸ்ஸில் என் மனைவி தானாகவே பேசினாள். "சொல்லிருவீகளோன்னு பயந்துட்டேன்."

"சொன்னா என்ன? தெரிஞ்சிட்டுப் போகட்டுமே."

"எனக்கு இனிமே இப்படித்தான். மதினிக்கு அந்தக் கைய விட்டா வேற என்ன இருக்கு?"

அக்கா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருகிறாள். கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, ஆற்றி, என் மனைவிக்குப் பல் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறாள். பாதி வழிந்து கழுத்தில் ஓடுகிறது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "இந்தக் கரண்டு வச்சவன் கை விளங்குமா? நாசமாப் போவான்" என்று ஏசுகிறாள். கரண்ட் வைத்தது ஒரு சின்னப் பையன். மெஷினில் படுக்கவைக்கும்போது ஒவ்வொரு நாளும் "பயப்படாதீங்கம்மா" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போவான். அக்கா ஏசி முடிக்கும்வரை காத்திருந்து, என் மனைவி, "ஆமா மதினி" என்கிறாள். நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறேன்.