அவசரம் லேது, சார்

ஆறாவது வரிசையில் சோப்பு, ஷாம்பு, பற்பசை. ஏழாவதில் ஊறுகாய், எண்ணெய், நெய். திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த சூப்பர் மார்க்கெட்டில் இந்த இரண்டு வரிசைகளும் கன்னிகா அக்காவின் பொறுப்பு. எட்டு வருடமாக. நான் அங்கே மூன்று மாதம்தான் வேலை பார்த்தேன். நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. கிடைத்த வேலைக்குப் போனேன். வேலை கற்றுக்கொடுக்க என்னை அவரிடம் விட்டார்கள்.

அவர் கற்றுக்கொடுத்தது அதிகமில்லை. பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால். ஒரு பாட்டில் போனால் பின்னாலிருப்பதை இழுத்து விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். பெயர் வெளியே பார்க்க வேண்டும். "பேரு நம்மள பாக்கணும் ரூபா. முதுகக் காட்டிக்கினு நின்னா யாரு வாங்குவாங்க?" அவ்வளவுதான் பாடம். மற்றதெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டது.

மனிதர்கள் கடையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது. தயிர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மூன்று வரிசை நடந்த பிறகு வேண்டாம் என்று தோன்றும். திரும்பிப் போக மாட்டார்கள். சோப்புக்கு நடுவே செருகிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்வார்கள். ஷாம்பு மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, பாதி மூடிய பாட்டிலைப் பின்னால் தள்ளிவிட்டு, வேறொன்றை எடுப்பார்கள். வழியின் குறுக்கே ட்ராலியை நிறுத்திவிட்டு அலைபேசியில் மருமகளைத் திட்டுவார்கள். கீழே இருப்பதுதான் புதுசு என்ற நம்பிக்கையில் அடுக்கின் அடியிலிருந்து உருவுவார்கள். கடைக்கு வருகிறவர்கள் யாரையும் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குச் சட்டம். அக்கா சொல்லவும் மாட்டார். பக்கத்தில் போய்க் கையை நீட்டுவார். "வேணாங்களா மேடம்? குடுங்க, நான் வெச்சுக்கறேன்." கொடுத்தவர்கள் வெட்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். மறுமுறை வரும்போது அவர்களே தேடி வந்து கொடுப்பார்கள்.

இடம் மாறிக் கிடக்கும் சாமான்களுக்குக் கடையில் ஒரு பெயர் உண்டு. மலை மேல் ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களைப் பற்றி அறிவித்துக்கொண்டே இருப்பார்களே, அந்த வார்த்தைதான். தப்பிப்போயிந்தி. தெலுங்கில் அதற்குத் தொலைந்துவிட்டது என்று பொருள்.

"நம்ம பாஷையில இன்னா அர்த்தம் சொல்லு" என்றார் அக்கா, பிஸ்கட்டுக்கு நடுவிலிருந்து ஒரு நெய் டப்பாவை எடுத்தபடி. "தப்பிச்சுப் போயிடுச்சுன்னு அர்த்தம். பாவம், எங்கயோ ஓடிப் போலாம்னு கெளம்பியிருக்கும். நான்தான் புடிச்சாந்து உள்ள வெக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருக்கும் தப்பித்துப் போக ஓர் இடம் இருந்தது. நகரி.

அவர் வீடு தமிழ்நாட்டு எல்லையோரம் நகரியில். கணவர் மாசிலாமணி அங்கே விசைத்தறியில் இரவு வேலை. அக்கா காலையில் பாசஞ்சர் ரயில் பிடித்தால் இரவுதான் வீடு திரும்புவார். அவர் கிளம்பும்போது மகள் சுஷ்மிதா தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போதும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம். எட்டு வருடமாக அந்தப் பெண்ணை அவர் வளர்த்தது அலைபேசியில்தான். துன்னியா, குளிச்சியா, கதவ சாத்திக்கினியா.

இப்போது சுஷ்மிதா பத்தாம் வகுப்பு. ஜூன் மாதம் இன்டர், அதாவது பதினொன்றாம் வகுப்பு, சேர்ந்தால் விடுதி. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் படிக்கிற பிள்ளைகளை அப்படித்தான் அனுப்புகிறார்கள். அனுப்பிவிட்டால் பிள்ளை வீட்டுக்கு விருந்தாளிதான். அக்காவுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு வருடம்.

அந்த நேரத்தில்தான் கடையின் நகரிக் கிளை திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அக்கா மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தார். எட்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் விஷயம் அது. மகளிடம் சொல்லியும் விட்டார். "சாயங்காலம் நீ வரும்போது நான் வீட்ல இருப்பேன்டி" என்று அலைபேசியில் சொன்னதை நானே கேட்டேன். எதிர்முனையில் அவள் நம்பவில்லை போலிருக்கிறது. "சத்தியமா!" என்றார் இவர்.

ஒரு புதன்கிழமை பத்து மணி இருக்கும். அக்கா சின்ன ஏணியில் நின்று மேல் தட்டில் எண்ணெய் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடை மேனேஜர் சுதீர் அலைபேசியை நீட்டியபடி ஓடி வந்தார். அவர் நெல்லூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். "அக்கா, ஏரியா மேனேஜர் சார்!" என்றார்.

ஏரியா மேனேஜர் வேங்கடாசலம் மாதம் ஒருமுறை வருவார். அவரோடு அக்கா இதுவரை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. ஒரு கையில் எண்ணெய் பாட்டில், ஒரு கையில் அலைபேசி. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"நகரி ட்ரான்ஸ்ஃபர் அடிகாரு கதம்மா, அவசரமா?"

நகரி மாறுதல் கேட்டீர்களே என்கிறார். அக்காவின் முகம் மலர்ந்தது. பெரிய அதிகாரி தன்னை மதித்துக் கேட்கிறார். நெருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். ஏணியில் நின்றபடியே கொஞ்சம் குனிந்துகொண்டார்.

"அய்யோ, அவசரம் லேது சார்!"

"சரேம்மா, ஓகே" என்றது குரல். வைத்துவிட்டார்கள். சுதீர் அக்காவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அலைபேசியை வாங்கிக்கொண்டு போனார்.

"நல்ல மனுசன்" என்றார் அக்கா என்னிடம். "ஒடனே வேணுமான்னு கேக்கறாரு பாரு. அவசரம் இல்ல, மெதுவா குடுங்கன்னுட்டேன்."

நான் இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவதைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான்கு வருடம் காதில் விழாமல் என் தெலுங்கு மங்கிப் போயிருந்தது. இல்லாவிட்டால் அப்போதே அவர் கையைப் பிடித்திருப்பேன்.

"அக்கா, அவரு அவசரமான்னு கேட்டது சீக்கிரமா வேணுமான்னு இல்ல. தெலுங்குல அவசரம்னா தேவை. தேவையான்னு கேட்டாரு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஏணியின் மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தேவையில்லன்னு சொல்லிட்டனா?"

நான் மூன்றாவது பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியாதாடி அந்த வார்த்தை? நாள் முச்சூடும் கஸ்டமருங்க சொல்றாங்க, கவரு அவசரம் லேதுன்னு. நானும் கவர எடுத்து உள்ள வெச்சிக்கினேதான இருக்கறேன். அவுங்க சொன்னா அது தெலுங்கா இருக்குது. என் வாயில வரும்போது நம்ம வார்த்தையா வந்துடுச்சு."

உடனே சுதீரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் எதிரிலேயே போன் செய்தார். எடுக்கவில்லை. மாலையில் பதில் வந்தது. நகரிக்குப் பெயர்கள் போய்விட்டன. வெள்ளிக்கிழமை சார் நேரில் வருகிறார், அப்போது வேண்டுமானால் பேசிப் பாருங்கள்.

"நிஜங்கா செப்பண்டி அக்கா" என்றார் சுதீர். உண்மையைச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்துப் பாதித் தமிழில் முடித்தார். "நீங்க போயிட்டா இந்த ரெண்டு லைனை யாரு பாப்பாங்க? அவசரம் லேதுன்னு நீங்க சொன்னதும் எனக்குப் பிராணம் வந்துச்சு."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பில் போடும் ஸ்ரீதேவிதான் அந்த யோசனையைச் சொன்னது. "உன் ரேக்கு அழகா இருக்கறதாலதான உன்ன விட மாட்டேங்கறாங்க? சார் வர்ற வரைக்கும் கலச்சுப் போட்டுடு. இது யாருப்பா, இவள மொதல்ல தூக்குங்கன்னு அவரே சொல்லிடுவாரு."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அதைப் பற்றி யோசித்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று பிற்பகல் சந்தன சோப்புகளுக்கு நடுவே யாரோ வைத்துவிட்டுப் போன மாங்காய் ஊறுகாயை எடுக்காமல் கடந்து போனார். ஏழாவது வரிசைக்குப் போய் நின்றார். திரும்பி வந்தார். மறுபடி கடந்து போனார். பத்து நிமிடம் இருக்கும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சோப்புல ஊறுகா வாசன ஏறிக்கும்" என்று ஏதோ என் மேல் கோபம் போலச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அவர் இரண்டு சொற்களோடு வந்தார். காவாலி, சார். எனக்கு வேண்டும், சார். ரயிலில் நகரியிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். "அந்த வார்த்தை பக்கமே போ மாட்டேன். நாகு நகரி காவாலி. அவ்ளோதான்."

பதினோரு மணிக்கு மலையிலிருந்து இறங்கிய ஒரு கூட்டம் உள்ளே வந்தது. முப்பது பேர் இருப்பார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். வேண்டுதலுக்கு நடந்து மலை ஏறியவர்கள், பாதி பேர் காலில் செருப்பில்லை. அதே நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. வேங்கடாசலம் சார் உள்ளே வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். அக்கா கையை முன்றானையில் துடைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

பின்னால் ஒரு சத்தம். கூட்டத்தில் ஓர் அம்மாள் கோங்கூரா ஊறுகாய் அடுக்கின் அடியிலிருந்து ஒரு பாட்டிலை உருவியிருந்தார். ஏழெட்டு பாட்டில்கள் தரையில். எண்ணெயும் கண்ணாடியும் வரிசை முழுக்கப் பரவின. நடுவில் வெறுங்காலோடு பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் பின்னால் நகரப் பார்த்தார்கள்.

"கதலகண்டி! யாரும் நகராதீங்க!"

அக்காவிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அவர் காலி அட்டைப் பெட்டிகளைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினார். நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு, வரிசையின் முனை வரைக்கும் ஒரு பாதை செய்தார். பிறகு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அதன் மேல் நடத்திக் கொண்டுவந்தார். பாட்டிலை உருவிய அம்மாள் அழுதுகொண்டிருந்தார். "போகட்டும்மா, பாட்டில்தான? கால் நல்லா இருக்குதா பாருங்க" என்றார். ஒருவருக்கும் கீறல் படவில்லை. அதற்குப் பிறகு மண்டியிட்டு, ஈரத் துணியால் தட்டுக்கு அடியில் போன பொடியெல்லாம் எடுத்தார்.

நிமிர்ந்தபோது வரிசையின் முனையில் வேங்கடாசலம் சார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

அக்கா எழுந்தார். கை முழுக்க ஊறுகாய் எண்ணெய். "சார், நாகு நகரி காவாலி சார்."

சரியாகச் சொன்னார். ஒரு சொல்லும் தவறவில்லை. அவரும் சரியாகத்தான் புரிந்துகொண்டார். தலையசைத்துக் கேட்டார். மகளைப் பற்றியும் அக்கா சொன்னார், தெலுங்கிலேயே, திக்கித் திக்கி. அன்றைக்குத் தான் சொன்னதற்கு வேறு அர்த்தம் என்றும் சொன்னார். சார் சிரித்தார். கேலியாக இல்லை.

"இப்புடே சூசானு கதம்மா" என்றார். இப்போதுதானே பார்த்தேன். தரையைக் காட்டினார், அட்டைப் பாதையைக் காட்டினார். "மீ அவசரம் இக்கட உந்தி."

நீங்கள் இங்கேதான் தேவைப்படுகிறீர்கள். அடுத்த ஜூனில் மாறுதல் பட்டியல் திறக்கும்போது முதல் பெயர் உங்களுடையது என்று வாக்குக் கொடுத்தார். சுதீரைக் கூப்பிட்டு அக்காவின் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். இந்த அம்மா செய்ததை எல்லாக் கிளைக்கும் சொல்ல வேண்டும் என்றார். எங்களைக் கைதட்ட வைத்தார். தட்டினோம்.

சாப்பாட்டு நேரத்தில் பின்னால் சரக்கு அறையில் உட்கார்ந்திருந்தோம். அலைபேசி அடித்தது. சுஷ்மிதா. பள்ளிக்கூடத்தில் யாரிடமோ வாங்கிப் பேசுகிறாள்.

"சார் இன்னாம்மா சொன்னாரு?"

"அடுத்த ஜூன்ல கண்டிப்பா குடுக்கறேன்னாரு."

"நைனா கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ துன்னியா?" என்றாள்.

"துன்னுக்கினுதான் இருக்கறேன்." டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

சிறிது நேரம் கழித்து சுதீர் வந்து ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருடத்துக்கானது. இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள் அக்கா, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார். நல்ல மனதோடுதான்.

அக்கா அதை எடுத்துப் படித்தார். "அவ சேரப் போற காலேஜு எங்க தெரியுமா? இங்கதான். ரேணிகுண்டா ரோட்டுல. ஜூன்ல அவ இங்க வருவா. நான் அங்க போவேன்."

"அப்ப எழுதாதீங்க அக்கா. இங்கயே இருங்க. ஹாஸ்டல்ல போய்ப் பாக்கலாமே."

"பாக்க விடுவாங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம." என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம எவளுக்காவது இங்க லீவு குடுத்து நீ பாத்திருக்கியா?"

வெளியே யாரோ ஆறாவது வரிசைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அவர் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மூடி, கை கழுவப் போனார். படிவம் எழுதப்படாமல் பெட்டியின் மேல் கிடந்தது. குழாயை மூடிவிட்டு வந்தவர் அதை எடுத்து நான்காக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலச் சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.