ஒரு நெல்லளவு கீழே

நான் கால்நடை மருத்துவன். நாற்பது ஆண்டுகளாக மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அறுவை செய்தவன். இப்போது கை நடுங்குவதால் கத்தியைத் தொடுவதில்லை. ஒரு குதிரையின் காலில் நான் செய்த பிழையையும், அதை இன்னொருவர் தலையில் விழ விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்ததையும் இங்கே எழுதுகிறேன். அந்த இரண்டு ஆண்டுகளும் நான் நன்றாகவே தூங்கினேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குதிரைக்காரர் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஒரு செந்நிறப் பெட்டைக் குதிரையை வாங்கிக் கடற்கரையில் சவாரி விட்டுக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறுகளில் சிறுசேரி, படூர் பக்கமிருந்து குடும்பத்தோடு வருபவர்கள்தான் பிழைப்பு. குதிரைக்கு இடப் பின்னங்கால் நொண்டியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் மூட்டு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது.

“பின்னங்கால்தானே, பயப்படாதப்பா. முன்னங்கால்னாதான் யோசிப்பேன்,” என்றேன்.

“இன்னா சார் பண்ணுவ?”

“அந்த மூட்டை அசையாம பண்ணிடுவேன். பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டா ரெண்டு எலும்பும் ஒண்ணா ஒட்டிக்கும். அப்புறம் வலி இருக்காது.”

“அசையலன்னா எப்டி சார் நடக்கும்?”

“அது பெருசா அசையற மூட்டே இல்ல. மேல ஒண்ணு, குளம்புக்குள்ள ஒண்ணு இருக்கு. அது ரெண்டும் நல்லா இருந்தாப் போதும்.”

அவர் மனைவி குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “ஒட்டுச்சுன்னா சரி. இல்லன்னா இட்டாந்து உன் வூட்டாண்டதான் கட்டுவோம், பாத்துக்க டாக்டரே.” மூவரும் சிரித்தோம்.

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தனியார் பண்ணையில் அறுவைக்கூடம் இருந்தது. இந்த அறுவையை நம் பக்கத்தில் செய்பவர்கள் குறைவு. அதனால் ஏழெட்டு மருத்துவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். வரச் சொன்னவன் நான்தான்.

குதிரைக்கு மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்தால் அதன் எடையே அதற்கு எதிரி. நேரம் போகப் போக, அடியில் அழுந்தும் தசைகளுக்கு ரத்தம் போகாது. எழும்போது கால் மடிந்து விழுந்தால் போட்ட பிளேட்டும் முறியும், குதிரையும் போகும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தேன். மூட்டைத் திறந்து மீதமிருந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்தேன். பிளேட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து முன்பக்கம் பொருத்தி, மூன்று ஸ்க்ரூ போட்டேன். இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொரு நீள ஸ்க்ரூ. பிறகு எக்ஸ்ரே.

எனக்கு உதவியாக நின்ற பெண் மருத்துவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “சார், பிளேட்டோட கீழ் முனை கொஞ்சம் இறங்கியிருக்கு. காலை ஊன்றும்போது, குளம்புக்குள்ள இருக்கிற குளம்பெலும்போட நுனி அதுல இடிக்கும்.”

பார்த்தேன். ஒரு நெல்லளவு இருக்கும். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி, பிளேட்டை மேலேற்றி, புதிதாகத் துளையிட வேண்டும். இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும்.

“போதும். மூடலாம்,” என்றேன்.

மயக்கம் நீள்வது ஆபத்து என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யான காரணமும் இல்லை. ஆனால் அதற்காக நான் மூடவில்லை. அத்தனை பேர் பார்த்திருக்க, போட்ட ஸ்க்ரூவைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. நான் தனியாக இருந்திருந்தால் கழற்றியிருப்பேன்.

மெத்தை பதித்த அறையில், தலையிலும் வாலிலும் கயிறு கட்டி, குதிரை எழுவதற்காகக் காத்திருந்தோம். முதல் தடவை பாதி எழுந்து சுவரில் மோதிச் சரிந்தது. இரண்டாம் தடவை கட்டுப் போட்ட கால் வழுக்கியது. கயிறு என் கையை அறுத்தது. குதிரைக்காரர் கதவுக்கு வெளியே முகத்தை மூடிக்கொண்டு நின்றார். மூன்றாம் தடவை நடுங்கிக்கொண்டே நான்கு காலிலும் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கும்பிட்டு ஏற்றுக்கொண்டேன்.

குதிரைக்காரரிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன்: மணலில் நிறுத்தக்கூடாது. கால் புதையும், புரளும். கடற்கரையில் இருப்பவரிடம் மணல் ஆகாது என்றால் அவர் எங்கே போவார்? சிற்பக்கூடங்களில் உடைந்து ஒதுக்கிய கல் பலகைகளை வாங்கிவந்து, கொட்டகை முழுவதும் பதித்து, மேலே வைக்கோல் பரப்பினார். நான் நேரில் போய்ப் பார்த்தேன். அறுவைக்கூடம் இருந்த பண்ணையில்கூட அவ்வளவு ஒழுங்கான தரை கிடையாது.

மாவுக்கட்டைப் பிரித்துச் சில மாதங்கள் கழித்து மறுபடி படம் எடுத்தோம். இரண்டு எலும்பும் அழகாக ஒட்டியிருந்தன. ஆனால் குதிரை நொண்டியது. முன்பு நொண்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. காலை ஊன்றி உடலைத் தள்ளும் கடைசி நொடியில் வலித்தது. படத்தில் குளம்பெலும்பின் நுனி, பிளேட் தொடும் இடத்தில், சொரசொரப்பாகத் தொடங்கியிருந்தது. பிளேட்தான் காரணம் என்று பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

நான் வாயைத் திறக்குமுன் குதிரைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“சார், ஒண்ணு சொல்லணும். திட்டாத. கட்டு இருக்கசொல்ல ஒரு நாள் மழ பேஞ்சிது இல்ல? கொட்டாயில தண்ணி ஏறிக்கிச்சு. கல்லு வழுக்குது. வுழுந்துடப் போவுதுன்னு ஒரு மணி நேரம் வெளிய மணல்ல கட்டினேன் சார். ஒரே ஒரு மணி நேரம். அதனாலயா?”

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. வழுக்கும் கல்லிலிருந்து குதிரையை வெளியே கொண்டுபோனது சரியான முடிவு என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

“நான் அவ்வளவு சொன்னேனேப்பா.”

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. சொல்லும்போதே அதைக் கவனித்தேன். படித்தவனுக்குக் கிடைக்கும் வசதி அது.

அவர் தலையாட்டினார். நான் வலி மருந்து எழுதிக் கொடுத்தேன். எலும்பு ஒட்டிவிட்டால் பிளேட்டுக்கு வேலையில்லை, திறந்து எடுத்துவிடலாம். அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். படத்தைக் காட்ட வேண்டிவரும். எழுதிக் கொடுத்த சீட்டோடு அவரை அனுப்பிவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் போயின. நான் வேலையை விட்டேன். ஒரு நாள் காலையில் அவரே போனில் கூப்பிட்டார். கோவளத்தில் இன்னொருவர் குதிரைக்கும் அதே மூட்டுத் தொல்லையாம்.

“உன்ன வந்து பாக்கச் சொல்லிகீறேன் சார். டாக்டர் மேல ஒரு குத்தமும் இல்ல, நான்தான் மணல்ல கட்டிக் கெடுத்துக்கினேன், நீயாவது ஒழுங்கா இருன்னு அவனாண்ட சொன்னேன்.”

போனை வைத்துவிட்டுப் பழைய எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் குப்பத்துக்குப் போனேன்.

குதிரை கொட்டகையில் இடக்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. தெருவில் போன ஒருவர், “இன்னா மணலு, வூட்டுக்கு டாக்டர்லாம் வந்துகீறாரு?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் புரியவில்லை.

“அதான் சார் இப்ப இவரு பேரு,” என்றார் மனைவி. “ஒரு மணி நேரம் பொறுத்துக்கினு கல்லுல நிக்க வச்சிருந்தா இன்னிக்கி அது ஓடிக்கினு இருக்கும். தெனம் சொல்லிக்கினுதான் கீறேன், ஒறைக்கணுமே.”

அவர், “வுடு, தெரிஞ்சதுதான,” என்று எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“மணல் இல்லப்பா,” என்றேன்.

“இன்னா மணல் இல்ல?”

“கால் கெட்டதுக்கு மணல் காரணமில்ல. நான் வச்ச பிளேட் கீழ இறங்கியிருக்கு. குளம்பெலும்புல இடிக்குது. ஆபரேஷன் அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

“அந்த மழ அன்னிக்கு…?”

“மாவுக்கட்டு இருந்துது. ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகியிருக்காது. நீ செஞ்சதுதான் சரி.”

மனைவி கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். “யோவ் டாக்டரே, ரெண்டு வருசமா இந்த ஆள நான் பேசாத பேச்சு இல்ல. ஊரே சிரிக்குது. இன்னாத்தயா படிச்ச நீ?”

அவர் கையைக் காட்டி மனைவியை நிறுத்தினார். குதிரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “அத்த எடுக்க முடியுமா?”

“முடியும். எலும்பு ஒட்டிடுச்சு, இனி பிளேட் தேவையில்ல.”

“எப்பலேர்ந்து தேவையில்ல?”

“கடைசியா படம் எடுத்தோமே, அப்பலேர்ந்து.”

“அப்ப எடுத்திருந்தா?”

“ஓடியிருக்கலாம்.”

“இப்ப எடுத்தா?”

“வலி குறையும்னு நினைக்கிறேன். குளம்புக்குள்ள இருக்கிற மூட்டும் இதுக்குள்ள கெட ஆரம்பிச்சிருக்கும். சவாரிக்கு ஆகாது.”

வெகுநேரம் அவர் குதிரையின் பின்னங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் என்னை அடித்தால் தேவலை என்று இருந்தது.

“நீ தொடாத,” என்றார் கடைசியில். “அந்தப் பொண்ணு டாக்டர் எடுக்கட்டும். நீ கூட நின்னு, எங்க தப்பா வச்சன்னு காட்டு. இங்க சொன்னத அங்க எல்லார் முன்னாலயும் சொல்லு.”

சொன்னேன். அதே கூடத்தில், அன்று பார்க்க வந்த மருத்துவர்களை வரவழைத்து, பழைய படத்தைத் திரையில் போட்டு, பிளேட்டின் கீழ் முனையை விரலால் காட்டி, போதும் என்று நான் சொன்னதையும், மழை நாளைப் பற்றி அவர் கேட்டபோது சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். பிறகு பெண் மருத்துவர் பிளேட்டைக் கழற்றி முடித்தார்.

ஒரு மாதம் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வலி மருந்தை நிறுத்தியாகிவிட்டது என்றும், குதிரை இப்போது படுத்து எழுகிறது என்றும் அவர் சொன்னார். கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஓரடி எடுத்து வைத்தேன்.

“அங்கேர்ந்தே பாரு,” என்றார்.

கயிற்றைப் பிடித்துத் தெருக்கோடி வரை நடத்திக் காட்டினார். நேராகப் போகும்போது இடக்கால் முழுதாகத் தரையில் பதிந்தது. திரும்பும்போது மட்டும் தயங்கியது. அந்தத் தயக்கம் இனிப் போகாது. அவர் கேட்கவில்லை, ஆனாலும் அதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.