ஒரு பல் தள்ளி

எங்கள் வீட்டில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் அம்மாதான். தீவிலிருக்கும் சுங்கை பினாங்கிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டி, மறுகரையில் மாக் மண்டினில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போவார். அப்பாவுக்கு டயருக்குக் காற்றடிக்கத் தெரியும். அதையும் அம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் செய்வார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூரில் அறை எடுத்துத் தங்கி, எங்கள் பழைய காரில் போய்வருவதாகத் திட்டம். காரோ புகை கக்கிக்கொண்டிருந்தது. அடுக்குமாடியின் கீழே, ஞாயிற்றுக்கிழமைகளில், அம்மா எஞ்சினைப் பிரித்தார்.

உள்ளே தேய்ந்துபோயிருந்ததற்குப் பதிலாக, அண்ணன் பந்தயக் கார்களுக்கான கேம்ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்தான். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. பளபளவென்று இருந்தது. அம்மா அதன் மேடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேகமா போனாதான் இது இழுக்கும்லா. ஜாம்ல நின்னா ஒதறும். பழைய மாதிரியே ஒன்னு போடுறேன்."

"மா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதான் போடுறாங்க."

"அவங்க கடற்கரை வரைக்கும் போயிட்டு வீட்டுக்கு வந்துடுறாங்க."

அதற்குப் பிறகு அவன் கொண்டுவந்த சாதாரணத் தண்டுகளில் இரண்டை, தேய்ந்திருக்கிறது என்று தள்ளினார். மூன்றாவதை மாட்டினார். அத்தோடு முடிந்தது என்று நான் குதித்தேன். முதல் ஓட்டத்தில் என்னைப் பாலம் தாண்டி செபராங் ஜெயாவுக்குக் கூட்டிப்போவதாக அண்ணன் சொல்லியிருந்தான். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

ஆனால் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட டைமிங் வைக்க வேண்டியிருந்தது. மேலே கேம்ஷாஃப்டின் பற்சக்கரத்தில் ஒரு புள்ளி, கீழே இன்னொரு சக்கரத்தில் ஒரு புள்ளி. இரண்டும் எஞ்சினில் கீறியிருக்கிற தத்தம் கோட்டுக்கு நேராக நிற்கும்போது பெல்ட்டை மாட்ட வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் எஞ்சின் கெட்டுவிடும் என்றார் அம்மா. மாட்டினார். எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குனிந்து பார்த்தார். "ஒரு பல்லு தள்ளி இருக்கு" என்று பெல்ட்டைக் கழற்றினார். அடுத்த ஞாயிறும் அதேதான். அண்ணன் ஒரு நாளைக்கு மூன்று தரம் ஜொகூருக்குப் போன் போட்டு, அறையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சினான்.

மூன்றாவது ஞாயிறும் அம்மா அதையே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன்.

"அண்ணே! ரெண்டு புள்ளியும் நேராத்தான் இருக்கு!"

அண்ணன் ஓடிவந்து குனிந்தான். அம்மா என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பெல்ட்டின் மூடியைப் பூட்டினார்.

ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. அன்று மாலை நான் பாலத்தைத் தாண்டினேன். மறுநாள் காலை அண்ணன் கிளம்பிப் போனான். கார் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகும் அம்மா அடுக்குமாடியின் கீழேயே நின்றார். எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்று கேட்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் வேலையில் அம்மாவுக்கே தப்புக் கண்டுபிடித்தவள் என்று வகுப்பில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா அதை அம்மாவிடமே கேட்டார். "ஆமா, அந்தப் புள்ளி எனக்குச் சரியா தெரியல" என்றார் அம்மா. நான் அதையும் நம்பினேன்.