மணி எடுக்காத கொட்டை

முந்திரிப் பழத்தைக் கடித்ததும் முதலில் வருவது இனிப்பு. அது நாக்கில் தங்குவதற்குள் தொண்டையைப் பிடிக்கும் ஒரு கரகரப்பு. அதற்குள் சாறு முகவாய் வழியே இறங்கிச் சட்டையில் சொட்டி, எந்தச் சோப்புக்கும் போகாத பழுப்புக் கறையாகிவிடும். ஜெயங்கொண்டத்தை அடுத்த எங்கள் ஊரில் பங்குனி, சித்திரை மாதங்களில் கறையில்லாத சட்டை போட்ட பையனைப் பார்த்தால், ஒன்று காய்ச்சலில் கிடந்தவனாக இருப்பான், இல்லை வெளியூர்க்காரனாக இருப்பான்.

முந்திரித் தோப்பை நாங்கள் "கொல்லை" என்போம். கொல்லைக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பழத்தை யார் வேண்டுமானாலும் தின்னலாம், ஆனால் அதன் நுனியில் தொங்கும் கொட்டையைத் திருகி அதே மரத்தடியில் போட்டுவிட வேண்டும். "பழம் பசிச்சவனுக்கு, கொட்ட குத்தகைக்காரனுக்கு" என்பார்கள் பெரியவர்கள். இந்தச் சட்டத்தை என் கூட்டாளி மணி மீறி நான் பார்த்ததே இல்லை. அவன் அம்மா பச்சையம்மாள் அந்தக் கொல்லையில் கொட்டை பொறுக்கும் ஆட்களில் ஒருத்தி. அப்பா இல்லாத வீடு. "நான் ஒரு கொட்டைய மடியில வச்சாலும் எங்கம்மாவ நாளைக்கு வராதன்னுடுவாங்கடா" என்பான். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த அந்த விடுமுறையில், கொல்லையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரின் தங்கை மகன் பிரபு திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தான். எங்கள் வயதுதான். இங்கிலீஷ் மீடியம். கதைப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்காமல் கண்ணாலேயே வாசிக்கும் ஒருவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர். அம்மா, பிரபுவோடு என்னைப் பார்த்த அன்றே, "படிக்கிற புள்ள படிக்கிற புள்ளயோடதான் சேரணும். அந்த மணியோட சுத்துனா நீயும் கொட்டப் பொறுக்கத்தான் போவ" என்றாள். அம்மா சொல்லித்தான் மணியை விட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவள் சொல்வதற்கு முன்பே எனக்கு அந்த ஆசை வந்துவிட்டது.

"நீயும் தினம் இந்தக் காட்டுக்குள்ளதான் சுத்துவியா?" என்று பிரபு கேட்டபோது, "இல்ல, எனக்குப் படிக்கவே நேரம் சரியா இருக்கும்" என்று சொன்னேன். எந்த மரத்துப் பழம் மஞ்சள், எந்த மரத்துப் பழம் சிவப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய நான்தான் அப்படிச் சொன்னேன். மணியின் சட்டையைப் பார்த்து அவனுக்குக் "கறைச்சட்டை" என்று பிரபு பேர் வைத்தான். அதற்கு அதிகமாகச் சிரித்தவன் நான். மணி கோபப்படவில்லை. "உன் சட்டையில மட்டும் என்னடா, சந்தனமா வழிஞ்சிருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு எங்களுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்து வந்தான். சில நாள் கழித்து அதுவும் நின்றது.

ஒரு மத்தியானம், பொறுக்கும் ஆட்கள் கொல்லையின் மறுகோடியில் சோறு தின்ன உட்கார்ந்திருந்த நேரம், பிரபுவுக்குப் பச்சை முந்திரிப் பருப்பு தின்ன ஆசை வந்தது. "எங்க மாமா கொல்லைதானே, யார் கேப்பா?" என்று மரத்தடியில் கிடந்த கொட்டைகளை அள்ளினான். முந்திரிக் கொட்டையின் தோலுக்குள் ஒரு பால் இருக்கிறது. பட்ட இடம் நெருப்புப் பட்டதுபோல வெந்து கறுத்து உரிந்துவிடும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். கையில் மண்ணைப் பூசிக்கொண்டு, கல்லின் மேல் வைத்து, குச்சியால்தான் நெம்புவோம். பிரபு கொட்டையைப் பல்லில் வைத்தான்.

"வாயில வைக்காத" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால், எனக்குக் கொல்லை தெரியும், நானும் கொட்டை உடைத்து வளர்ந்தவன்தான் என்று அவனுக்குத் தெரிந்துபோயிருக்கும். நான் சும்மா நின்றேன். நின்றபோதே என் கைகள் பழக்கத்தில் மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டதையும், நான் தின்ற இரண்டு கொட்டைகளைக் குச்சியால் நெம்பியதையும் பின்னால்தான் நினைத்துப் பார்த்தேன். எதுவும் தெரியாதவனாக நடித்தது என் வாய் மட்டும்தான்.

மறுநாள் காலையில் பிரபுவின் உதடு இரண்டும் வீங்கி, வாயோரம் கறுத்துத் தோல் வழன்றிருந்தது. அவன் மாமா என்னை ஆள் விட்டு அழைத்தார். களத்தில் ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். பச்சையம்மாளும் அவள் பக்கத்தில் மணியும் இருந்தார்கள்.

"டேய், புள்ள வாயப் பாத்தியா? அவனுக்குக் கொட்டையப் பத்தி என்ன தெரியும்? எடுத்துக் குடுத்தது யாருடா?" என்றார் அவர்.

பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் கைகளைப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. மணியின் விரல்களில், வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து கூலிக்குக் கொட்டை உடைத்த பழைய கறுப்பு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது.

"மணி."

"கையப் பாரு, பொய் சொல்லுமா அது?" என்றார் குத்தகைக்காரர். பிறகு பச்சையம்மாளிடம், குரலைக்கூட உயர்த்தாமல், "நீ வூட்டுக்குப் போ. நாளையிலேருந்து வர வேணாம்" என்றார்.

அவள் மகனை அங்கேயே அடித்தாள். முந்திரி மிலாறு ஒன்றை ஒடித்து, முழங்காலுக்குக் கீழே, "தொடாத தொடாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன், திருட்டுப்பயலப் பெத்தேனே" என்று அழுதுகொண்டே அடித்தாள். "நான் எடுக்கலம்மா" என்று மணி ஒரே ஒரு முறை சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்தான். என் பெயரைச் சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அடி முடிகிற வரைக்கும் என்னைப் பார்த்தபடியே நின்றான்.

அதன் பிறகு அந்த ஊரில் எந்தக் கொல்லையிலும் அவளைச் சேர்க்கவில்லை. வைகாசி பிறப்பதற்குள் இருவரும் ரெட்டிபாளையம் பக்கம் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது என் பெஞ்சில் வேறு ஒருவன் உட்கார்ந்தான். பிரபு அடுத்த கோடைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் என்னைத் தேடியிருக்க மாட்டான்.

ஆறு வருடம் கழித்து, அரியலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டே ரெட்டிபாளையம் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். பஸ்ஸில் வாய்க்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். சிமெண்டுத் தூசி படிந்த ஓட்டு வீடு. பச்சையம்மாள் என்னை அடையாளம் கண்டு, "அடி ஆத்தி, நம்ம சேகரா! காலேஜா படிக்கிற?" என்று கன்னத்தைத் தடவி, பலகை போட்டு உட்கார வைத்துச் சோறு போட்டாள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மணி, எதிரே சுவரில் சாய்ந்து நின்றான்.

"அன்னிக்கு அந்தக் கொட்டைய மட்டும் தொடாம இருந்திருந்தா, இவனும் ஒன்ன மாதிரி ஆயிருப்பான். கை நீண்டுபோச்சு, என்ன பண்றது? நீயாவது அன்னிக்கு உள்ளத சொன்ன சாமி. ஒன்ன நான் தப்பா நெனக்கல" என்றாள், என் தட்டில் இன்னும் குழம்பை ஊற்றியபடி.

"அத்த" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மணியும் பார்த்தான்.

"கொழம்பு போதும் அத்த."

பஸ் நிறுத்தம் வரை மணி கூட வந்தான். வழி முழுக்க லாரிகளைப் பற்றிப் பேசினான். பஸ் கண்ணுக்குத் தெரிந்ததும், "சொல்லத்தான் வந்திருக்கன்னு நெனச்சேன்டா" என்றான்.

"மணி, நான்…"

"எங்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. அம்மாவுக்குத்தான் தெரியல. ஆறு வருஷமா வூட்டுல எது காணாப்போனாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்குது." பஸ் வந்து நின்றது. "ஏறு, எடம் போயிடும்."

ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இப்போது எனக்கு ஆபீஸ் வேலை; அப்பா என் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். திரும்பவும் ரெட்டிபாளையம் போக வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைத்துக்கொள்வேன். போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஊர்க்காரர் ஒருவர், பச்சையம்மாள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது என்றார். கடைசி நாட்களில் கையில் இருந்த ஒற்றை வளையலை மகனிடம் கொடுக்காமல் தன் தம்பி வீட்டில் கொடுத்து வைத்திருந்தாளாம். "அவன் கை சுத்தமில்லன்னு அதுவே சொல்லுமே" என்றார் அவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

மணி எடுக்கவில்லை. அதை இதோ எழுதிவிட்டேன், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பச்சையம்மாளுக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது படித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். அந்த ஆளாக நான் போயிருப்பேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.