பட்டைத் தண்ணி

"கண்ண மூடிக்கோங்கம்மா. நூல் பாதத்துல பட்டா சொல்லுங்க," என்றாள் நர்ஸ். சக்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். கண்ணை மூடியதும் ஆவாரம்பட்டை நாற்றம் மூக்கில் ஏறியது.

ஐம்பதுகளில் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் இருந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்காலோடு இறங்கித் தோல் புரட்டுகிற வேலை. அவருக்கும் சக்கரை ஜாஸ்தி. பாதத்தில் புண் வந்ததும், தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டைத் தண்ணியை வாளியில் கொண்டுவந்து, சாயங்காலமெல்லாம் காலை அதில் விட்டு உட்கார்ந்திருப்பார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க," என்று அம்மா கெஞ்சுவாள்.

"செத்த மாட்டுத் தோலயே அழுகாம வெக்கிற தண்ணிடி இது. என் கால வுட்டுடுமா?"

புண்ணைச் சுற்றித் தோல் கறுத்து, செருப்பு மாதிரி இறுகிப்போனது. "பாரு, வலியே இல்ல!" என்று தரையில் ஓங்கி மிதித்துக் காட்டுவார். நானும் தம்பியும் கைதட்டுவோம்.

உள்ளே சீழ் எலும்பு வரைக்கும் போயிருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அப்படியும் ஆள் பிழைக்கவில்லை. "வலிக்கவே இல்லியே, அப்புறம் எப்படி?" என்று காய்ச்சலில் அம்மாவையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நூல் படட்டும் என்று கண்ணை மூடியபடியே காத்திருந்தேன். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா, எப்பத்தான் நூல வெப்பே?"

"வெச்சிக்கினுதாம்மா இருக்கேன்," என்றாள்.