சாக்பீஸால் நான் போட்ட எண்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. அப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் டிசைன் படித்துக்கொண்டிருந்தேன். டிசைன் என்றால் புடவைக்குப் பூ வரைவதா என்று என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம், அவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்! நாங்கள் படித்தது வேறு. மனிதர்களுக்கு இருக்கும் ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடித்து, அதைத் தீர்க்க ஒரு பொருளையோ ஏற்பாட்டையோ உருவாக்குவது. அதற்கு ஐந்து படிகள் உண்டு. முதலில் அந்த மனிதர்களோடு பழகிப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு பிரச்சினை இன்னதென்று வரையறுக்க வேண்டும். அப்புறம் யோசனை, அப்புறம் மாதிரி செய்வது, கடைசியில் அவர்களிடமே கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

இந்த ஐந்தையும் ஏதாவது ஒரு கிராமத்தில் செய்து காட்டினால்தான் அந்த செமஸ்டரில் தேற முடியும். நான் உத்திரமேரூர் பக்கம் போனேன். நம்ம மாவட்டம், நம்ம ஜனங்கள், இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது என்ற மிதப்பு. திருப்புலிவனம் போகும் வழியில், ஏரிக்கரையை ஒட்டி இருபது வீடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முனையில் ஒரே ஒரு தெருக்குழாய். பெண்கள் இடுப்பில் குடத்தோடு நடப்பதைப் பார்த்தேனோ இல்லையோ, மூன்று குடம் வைத்துத் தள்ளுகிற வண்டி ஒன்றை நோட்டில் வரைந்துவிட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் மூன்றாவது படிக்குத் தாவியாகிவிட்டது.

வண்டிக்குக் கணக்கு வேண்டுமே! டேப்பை எடுத்துக் குழாயிலிருந்து ஒவ்வொரு வாசல்படிக்கும் தூரம் அளந்தேன். வீடுகள் குழம்பிவிடக் கூடாது என்று சுவரில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். போட்டுக்கொண்டே கேள்வி கேட்டேன். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், தண்ணீருக்குக் கஷ்டமா?

"கஷ்டமா? ஒரு கஷ்டமும் இல்லீங்க மேடம். நல்லாத்தான் கீறோம்."

எந்த வீட்டிலும் இதே பதில்தான். மேடம் என்று அவர்கள் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலேஜ் பிராஜெக்ட் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன். ஏழாம் நம்பர் வீட்டில், நைட்டிமேல் துண்டு போட்டிருந்த ஓர் அக்கா மட்டும் வழியை மறித்து நின்றார். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும்.

"எந்த ஆபீஸு? இன்னாத்துக்கு அளந்துகினு கீற?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் தன் போனை எடுத்து அதைப் போட்டோ பிடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்தால் திருடி மாதிரியா இருக்கிறது?

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். சுவரில் என் எண்கள் ஒன்றுகூட இல்லை. ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் இருந்தது. சரி, மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தால், எத்தனை வருடம் என்ற கேள்விக்கு முதல் வீட்டில் முப்பது வருடம் என்றார்கள். இரண்டாம் வீட்டிலும் முப்பது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண், தாலிக் கயிற்றில் மஞ்சள் போகாதவள், அவளும் "முப்பது வருசமா இங்கதான் கீறோம்" என்றாள்.

யாரோ பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பெண்கள் ஒவ்வொருவராக மஞ்சள் பையை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஏழாம் நம்பர் வீட்டின் பின்பக்கம் போனார்கள். வெறுங்கையோடு வந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? குழாயிலோ தண்ணீர் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த அக்கா வீட்டில் மோட்டார் வைத்துத் தண்ணீரை உறிஞ்சுகிறார், மற்றவர்கள் பங்கு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். இரண்டாவது படி முடிந்தது, பிரச்சினையை வரையறுத்தாகிவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

ஆதாரம் வேண்டும் என்று வீட்டின் பின்னால் போனேன். சார்ப்பில் தார்ப்பாய் போட்டு எதையோ மூடி வைத்திருந்தார்கள். போனை எடுத்து இரண்டு படம்தான் எடுத்திருப்பேன்.

"இன்னா போட்டோ? இன்னும் இன்னா வோணும் உனக்கு?"

அக்கா நின்றார். அவர் பின்னால் பத்துப் பெண்கள். எனக்கோ வாய் அடங்கவில்லை. மோட்டாரைக் காட்டுங்கள் என்றேன். அவர் தார்ப்பாயை இழுத்தார்.

உள்ளே இருந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் இருபது பிளாஸ்டிக் கவர்கள். ஒவ்வொன்றிலும் வீட்டு வரி ரசீது, கரண்ட் அட்டை, பழைய ரேஷன் கார்டு. எல்லாவற்றுக்கும் மேலே, கலெக்டரிடம் கொடுக்க எழுதி வைத்திருந்த ஒரு மனு. 'பொருள்: எங்கள் வீடுகளை இடிப்பதற்கு அளவெடுத்தது சம்பந்தமாக' என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் கலர் ஜெராக்ஸில் என் அடையாள அட்டை. என் பெயருக்குப் பக்கத்தில் 'அளக்க வந்த அதிகாரி' என்று எழுதியிருந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த இருபது வீடுகளும் ஏரிப் புறம்போக்கில் இருந்தன. யாருக்கும் பட்டா கிடையாது. பக்கத்து ஊர் ஏரிக்கரையிலும் முதலில் ஒருவர் டேப்போடு வந்து சுவரில் எண் போட்டிருக்கிறார், பின்னாலேயே ஜேசிபி வந்திருக்கிறது. நான் சாக்பீஸால் எண் போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து இவர்கள் ரசீது தேடி அலைந்து, மஞ்சள் பையில் அக்காவிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நாற்று நடும் வேலையை விட்டுவிட்டு உத்திரமேரூருக்கு நடையாய் நடந்திருக்கிறார்கள். எல்லாரும் முப்பது வருடம் என்றதும், நெடுநாள் குடியிருப்பவர்களின் வீட்டை இடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான். கூட்டத்தில் ஒரு பெண் நிறைமாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டியவள் போகவில்லை. "பூட்டிக்கினு போனா மொதல்ல எங்க வூட்டத்தான் இடிப்பாங்கோ" என்றாள் என்னைப் பார்த்து. அழுதுவிட்டேன்.

நான் மாணவிதான் என்று சொன்னதை அக்கா நம்பவில்லை. எங்கள் பேராசிரியைக்கு ஸ்பீக்கரில் போன் போடச் சொன்னார். அவர் நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்று பொறுமையாகச் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். போனை வைத்ததும் நான் மெல்ல, "முதல் நாளே சொன்னேனே அக்கா" என்றேன்.

"எங்க சொன்ன? கேட்டுக்கினேதான இருந்த" என்றார்.

அன்றைக்குத்தான் முதல் படியில் உட்கார்ந்தேன். அக்கா பேசப்பேச எனக்குப் புரிந்தது, தூரம் அவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல், வீட்டுக்கு ஒருத்தி வேலைக்குப் போகாமல் காத்துக் கிடப்பதுதான் கஷ்டம். வண்டியைக் கிழித்துப் போட்டேன். தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்துவிடுகிற பஞ்சாயத்து ஆள், அதற்காக வீட்டில் சைக்கிளை எடுக்கும்போதே இரண்டு பெண்களுக்கு மிஸ்டு கால் கொடுப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். நான் சமர்ப்பித்தது அதைத்தான். செய்து காட்டப் பொருள் இல்லை என்று மதிப்பெண் குறைந்தது, ஆனாலும் தேறிவிட்டேன். அந்த நிறைமாதப் பெண்ணும், நான் அதிகாரி இல்லை என்று தெரிந்த வாரமே அம்மா வீட்டுக்குப் போனாள்.

கடைசியாகப் போன நாளில் அக்காவிடம், அந்த மனுவைக் கிழித்துவிடுங்களேன் என்று கேட்டேன். அதற்குள் அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். டீ கொடுத்தார், சிரித்தார்.

"கீச மாட்டேன் பாப்பா. அது பாட்டுக்கு கெடக்கட்டும். படிச்சி முடிச்சி நாளைக்கு நீயே ஆபீசரா வந்தா?"

இன்று ஒரு நிறுவனத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன். புது ஊருக்குப் போனால் முதல் நாள் டேப்பை வெளியே எடுப்பதில்லை, நான் யார் என்று சொல்லி முடிக்கவே அந்த நாள் போய்விடுகிறது. உடன் வேலை செய்பவர்கள் நேரம் வீணாகிறது என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கோ, அந்தத் தகரப் பெட்டியில் என் பெயரைப் போட்டுக் கிடக்கும் மனுவுக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றுகிறது.